சம்பங்கியின் தகரம்

தங்கச் சுரங்க ஊரான எங்கள் ஆண்டர்சன்பேட்டையில் மண்ணெண்ணெய்க் கிடங்காக இருந்த ஒரு கொட்டகையைப் பிடித்து, அறுபத்திரண்டில் 'புதுமேடை' தொடங்கினோம். மாதம் ஒரு புது நாடகம், சனிக்கிழமை மூன்று மணிக்கு. பஜாரில் தையல்கடை வைத்திருந்த நான்தான் எழுதுவதும் நடிப்பதும். இடி, மழை, ரயில் சத்தம் எல்லாம் சம்பங்கி. சுரங்கத்தில் கூரை இடியாமல் மரம் முட்டுக் கொடுக்கிறவன். பங்காருபேட்டையில் வாங்கிய ஆறடித் தகரத்தோடு மேடைக்குப் பின்னால் நிற்பான். அடடா, என்ன காலம் அது! இப்போது அங்கே சிமெண்ட் மூட்டை விற்கிறார்கள்.

முதல் நாடகத்தில் இடி இடித்ததுமே முன்வரிசைப் பெண்கள் எழுந்து ஓடிவிட்டார்கள். எங்கே? சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலுக்கு. பூமிக்கடியில் பாறை வெடித்தால் எங்கள் ஊரில் பரண் பாத்திரம் உருளும். ஆள் உள்ளே இருக்கிறவள் அப்படித்தான் ஓடுவாள். சம்பங்கி ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். நாடகத்துக்கு முன் திரைக்கு வெளியே வந்து தகரத்தை ஒரு தட்டு தட்டுவான். "இது என்னுதும்மா, பயப்படாதீங்க." எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். நான் மண்டையை உடைத்து எழுதின இடியை இவன் முதலிலேயே காட்டிவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

பன்னிரண்டாவது நாடகத்தன்று கையைப் பிடித்தேன். "இன்னிக்கு வாணாம்டா. பெங்களூர்லேருந்து பத்திரிகைக்காரரு வந்துகிறாரு."

"நீ இன்னா சொன்னாலும் தட்டுவேண்ணா." போய்த் தட்டிவிட்டுத்தான் வந்தான்.

இரண்டாம் காட்சியில் தரை ஒரு உலுக்கு உலுக்கியது. பல்பு ஆடியது. சம்பங்கி தகரத்தைத் தொடவே இல்லை. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். சபையிலிருந்து வெங்கடம்மா குரல் கொடுத்தாள். அவள் பிள்ளைக்கு அன்று ஷிஃப்ட்.

"சம்பங்கி, உன்னுதா?"

"ஆமான்னு சொல்லித் தொலைடா," என்றேன் நான். சொல்லியிருந்தால் அத்தனை பேரும் உட்கார்ந்திருப்பார்கள், பத்திரிகைக்காரர் உட்பட.

அவன் திரையை விலக்கிக்கொண்டு போனான். "என்னுது இல்லம்மா. போங்க."

ஒரு நிமிஷத்தில் கொட்டகை காலி. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, பாவி, என் தம்பி ஆபிரகாமும் உள்ளேதான் இருந்தான். ஒட்டுமீசையோடு ஓடினேன். ஆட்களை ஏற்றிவரும் கேஜ் கூண்டு மேலே வர வர ஒவ்வொரு முகமாகப் பார்த்தோம். ஐந்தாவது தடவை வெங்கடம்மாவின் பிள்ளையும் ஆபிரகாமும் தலை நிறையப் புழுதியோடு இறங்கினார்கள். "இன்னாண்ணா மீசை இது?" என்று கேட்டான் தம்பி. வெட்கம் இல்லாமல் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அடுத்த சனிக்கிழமை அதே நாடகம். சம்பங்கி தகரத்தைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். நான் திரையை அவனுக்காக விலக்கிப் பிடித்தேன்.

தட்டினான். "இது என்னுதும்மா," என்றான். அன்று யாரும் சிரிக்கவில்லை.

"சரி சாமி, ஆரம்பிங்க," என்றாள் வெங்கடம்மா.