கோச்சிக் கொட்டகைத் தராசு

எங்கள் ஊர் அம்மன் என்னைக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றினாள் என்று வெகுகாலம் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். என் நிறைக்கு நெல் நிறுத்ததை ஊரே பார்த்தது. பிறகு பெருமைக்கு என்ன குறை?

மட்டக்களப்புக்கு ரயில் ஓடும் கோச்சிப் பாதையோரம், வாவி தெரியும் தூரத்தில், பழைய சரக்குக் கொட்டகை ஒன்று கிடந்தது. கூரை பிய்ந்து, வௌவால் குடியேறி, மழைக்கு ஆடுகள் ஒதுங்கும் இடம். அதைப் பழைய சாமான்களைக் காட்சிக்கு வைக்கும் நூதனசாலையாக்கப் போவதாக மாமா கிளம்பியபோது ஊர் சிரித்தது. மாமா அம்மாவின் அண்ணன். புகையிரதத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். எடுத்த காரியத்தை விடமாட்டார். எதிரில் அகப்பட்டவரையும் விடமாட்டார். சிரித்தவர்களையே பிடித்துக் கூரை போட்டு, சுவரும் பூசிவிட்டார்.

சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் கோச்சி நின்றுபோக, கொட்டகைச் சாமான்களை ஊரார் ஆளுக்கொன்றாய்க் கொண்டுபோயிருந்தார்கள். 'பத்திரப்படுத்தினோம்' என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மாமா வீடு வீடாய் ஏறி மணி, கைவிளக்கு, ஆட்கள் இருக்கும் மர வாங்கு எல்லாவற்றையும் மீட்டார். வராதது ஒன்றுதான். மூட்டைகளை ஏற்றி நிறுக்கும் பெரிய இரும்புத் தராசு. அது அம்மன் கோயிலில் இருந்தது. பிள்ளையை அதில் இருத்தி, அதன் நிறைக்கு நெல் கொடுப்பது எங்கள் ஊர் நேர்த்திக்கடன். கோயில் நிர்வாகத்துக்குத் தலைவரான வண்ணக்கர், அம்மனுக்கு ஆன சாமானைத் தரமுடியாதென்று ஒரே பிடியாய் நின்றார்.

கொட்டகையின் நடுவில் தராசு இருந்த குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. காட்டத்தக்க பெரிய பொருள் ஒன்றாவது இல்லாவிட்டால் கட்டடம் சீமெந்துக் களஞ்சியமாகும் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலை மாமாவும் அம்மாவும் அடுப்படியில் குசுகுசுத்தார்கள். பிறகு அம்மா தனியே கொட்டகைக்குப் போய்வந்தாள். பின்னேரம் என்னையும் கூட்டிக்கொண்டு இருவரும் வண்ணக்கரிடம் போனார்கள். நான் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடுவந்த புதிது. அது அவருக்கும் தெரியும்.

"கோச்சிக் கொட்டகைக்குள்ள நிண்டு அம்மாளுக்கு நேந்தன், ஐயா," என்றாள் அம்மா. "புள்ளட நிறைக்கு நெல்லு. அங்க வச்சே நிறுக்கிறதெண்டு."

வண்ணக்கர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நேர்த்தியைத் தடுத்த பழி யாருக்கு வேண்டும்? நிறுத்த கையோடு தராசைத் திருப்பிவிட வேண்டும் என்று மாமாவிடம் கண்டிப்பாய்ச் சொன்னார். மாமா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மறுநாள் உழவு இயந்திரப் பெட்டியில் தராசு வந்தது. பக்கத்தில் பட்டுப்பாவாடையோடு நான். முன்னால் பறைமேளம், பின்னால் ஊர். குழிக்குள் இறக்கியதும் தராசின் நான்கு காலும் பழைய இடத்தில் போய்ச் சரியாக இருந்தன. பெண்கள் போட்ட குரவையில் கூரைத் தகரம் அதிர்ந்தது. வண்ணக்கருக்கே கண் கலங்கிவிட்டது. கலங்கிய வேகத்தில், பழக்கதோஷத்தில், தராசுக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டித் தேங்காயும் உடைத்துவிட்டார்.

என்னைத் தராசில் இருத்தி நிறுத்தார்கள். நெல் கோயிலுக்குப் போனது. தராசைத் தூக்க ஆட்கள் குனிந்தபோது மாமா வாய் திறந்தார்.

"பூசை செஞ்சு இருத்தினத நீங்களே எழுப்புவீங்களா, ஐயா?"

வண்ணக்கர் கையிலிருந்த தேங்காய்ப் பாதியைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். இனி நேர்த்திகளை இங்கேயே நிறுக்கலாம் என்று அவரே அறிவித்தார். சீமெந்து வேறு ஊருக்குப் போயிற்று. நூதனசாலை இன்றைக்கும் இருக்கிறது. 'தொடாதீர்கள்' என்ற பலகைக்கு யாரோ திருநீறு பூசிவிட்டுப் போகிறார்கள்.

போன வருடம் அங்கே போயிருந்தபோது, என் காய்ச்சலுக்கு நேர்ந்த கதையை என் மகளுக்குச் சொல்லும்படி அம்மாவிடம் கேட்டேன். அம்மா சிரித்தாள்.

"உன்ட காய்ச்சல் ஆஸ்பத்திரியில மாறிட்டு மகள். அம்மாளிட பேரில பொய் சொல்ல ஏலாதே. அதுதான் அண்டு காலம இஞ்ச வந்து உண்மையா நேந்தன். இந்தத் தராசு திரும்பி வந்தா, உன்ட நிறைக்கு நெல்லுத் தாறனெண்டு."

அன்றைய குரவை முழுவதையும் எனக்கென்றே நினைத்து, தராசின் மேலிருந்து ஊருக்குக் கைகூப்பிக்கொண்டிருந்தேன்.