பிரித்துப் பார்த்த சுருள்

பூச்சிக் காட்சிக்கூடத்தில் அவருக்குத் துறுதுறு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. வருகிற பூச்சியைக் கொன்று, ஊசியில் குத்தி, நகத்தளவு லேபிள் எழுதிச் செருகுவது வேலை. இருபத்தாறு வருஷம். கை ஒழுங்காக வேலை செய்யும். கால் ஓர் இடத்தில் நிற்காது. சாப்பாட்டுக்கு நடுவில்கூட எழுந்துபோய் ஏதாவது கதவைச் சாத்திவிட்டு வருவார். "உக்காந்த இடத்துல முள்ளா இருக்கு உங்களுக்கு?" என்று கேட்டுக் கேட்டு மனைவி ஓய்ந்தே போனாள்.

லேபிளில் 'கண்டெடுத்தவர்' என்று ஒரு வரி உண்டு. அதில் ஆயிரக்கணக்கில் ஊரார் பெயரை எழுதியவர், தன் பெயரை ஒரு தடவைகூட எழுதியதில்லை. அந்த ஏக்கம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது அதிர்ஷ்டம் அடித்தது. சைக்கிள் நிறுத்தும் இடத்து மரத்தில், விரல்நுனி அளவுக்குச் சுருண்ட ஓர் இலை. கூன்வண்டின் வேலை. இலையை நறுக்கி, காலால் மடித்து, உள்ளே முட்டையிட்டுச் சுருட்டிவிடும். புழு அந்தச் சுருளையே தின்று உள்ளேயே வளரும்.

அவர் பறித்துவந்ததைப் பொறுப்பாளர் மேடம் லென்ஸில் பார்த்துவிட்டுத் துள்ளாத குறைதான். "அண்ணே, இந்தப் பேரினம் நம்மகிட்ட ஒன்னுகூட இல்ல. ஆனா புழுவ வச்சு எந்த வகைன்னு சொல்ல முடியாது. வண்டா வெளிய வரட்டும், உங்க பேரைப் போட்டு வச்சிடலாம். தயவுசெஞ்சு தொடாம இருங்க."

தொடாமல் இருப்பதாவது! பதினொரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். பன்னிரண்டாம் நாள் மேடம் ஏதோ கூட்டத்துக்குப் போனார். உள்ளே செத்துகித்துப் போயிருந்தால்? ஒரே ஒரு சுற்று பார்த்துவிட்டு மூடிவிடலாம். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி, இலை முழுசாக விரிந்துவிட்டது. மஞ்சளாக, அரிசி மணி அளவில், புழு உயிரோடு நெளிந்தது.

"அடப்பாவி, நல்லாத்தானடா இருக்கே!" சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம்தான் விரிந்து கிடந்த இலை கண்ணில் பட்டது.

இலை திரும்பச் சுருள மாட்டேன் என்றது. நூல் கட்டினால் கிழிந்தது. பசை வைக்கப் பயம். கடைசியில் தானே சுருட்டி, இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தபடி உட்கார்ந்தார். பத்து நிமிஷம் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு மூன்று மணி நேரம் அசையவில்லை. போன் அடித்து ஓய்ந்தது. மூக்கில் ஈ உட்கார்ந்தது, விட்டுவிட்டார். மனசு மட்டும் கூடத்தை நூறு தடவை சுற்றி வந்தது.

மேடம் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மேடம் சுருளை வாங்கி மெல்லப் பிரித்தார். உள்ளே எதுவும் இல்லை. சுருட்டும்போதே நழுவியிருக்கிறது. புழு இவருடைய சட்டையில், முழங்கைக்கு அடியில், நசுங்கி ஒட்டியிருந்தது.

"வெறும் இலையவா மேடம் இவ்வளவு நேரம் புடிச்சிட்டிருந்தேன்?" என்றவர் குழந்தை மாதிரி அழுதார்.

மேடம் புழுவை எடுத்து, கெடாமல் இருக்கச் சாராயக் குப்பியில் போட்டு, லேபிளை அவரிடம் நீட்டினார். துறுதுறு தேதி எழுதினார், மரம் எழுதினார். வகை: தெரியவில்லை. அடுத்து, 'கண்டெடுத்தவர்' வரியில் பேனா நின்றது.

"இதுல என் பேரு வேணாம் மேடம். கொன்னவர்னு ஒரு வரி இருந்தா சொல்லுங்க, அதுல எழுதறேன்."

மேடம் சுவரை மறைத்து நின்ற அலமாரிகளை ஒரு பார்வை பார்த்தார். "அப்படி ஒரு வரி இருந்தா, இங்க இருக்கற எல்லா லேபிள்லயும் உங்க பேருதாண்ணே இருக்கும். எழுதுங்க."

அவர் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து எழுதினார்.