விவசாயக் கணக்கெடுப்பில் என் பேரைச் சேர்க்கப் போனேன்

அப்பா காலத்துக்குப் பிறகு களக்காட்டுக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் என் பேருக்கு வந்தது. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துகொண்டே, கேட்கிறவர்களிடம் எல்லாம் "நமக்கும் விவசாயம் உண்டு" என்று சொல்லிக்கொண்டு திரிவேன். மாசி மாதம், விவசாயக் கணக்கெடுப்புக்கு ஆள் வருகிறது என்று தகவல் வந்ததும் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். தேசமே விவசாயிகளை எண்ணும்போது நான் விட்டுப்போகலாமா?

புதிய பேருந்து நிலையத்தில் காலை ஏழு மணிக்கு, சேரன்மகாதேவி வழியாகப் போகும் களக்காடு வண்டியைப் பிடித்தேன். நாங்குநேரி வழியும் உண்டு. ஆனால் இந்த வழியில் வாய்க்கால் பாசன வயல்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஒன்றரை மணி நேரப் பயணம். களக்காட்டிலிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். டிரைவர் என் வெள்ளை வேட்டியைப் பார்த்துவிட்டு, "கல்யாண வீடு எங்கன, அண்ணாச்சி?" என்றார். தோட்டத்துக்கு என்றேன். கண்ணாடியில் வேட்டியை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

ஆட்டோவில் இருக்கும்போதே அத்தான் போன் செய்தார். குத்தகைக்காரியின் பேரை மட்டும் எழுத விட்டுவிடாதே, பிறகு நிலம் கையை விட்டுப் போய்விடும் என்றார். அவர் சொன்னது பேச்சியம்மாளை. ஆறு வருஷமாக அந்த நிலத்தில் ஏத்தன் வாழை போடுகிறார். எழுத்து ஒன்றும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சுதான்.

கணக்கெடுக்க வந்த பெண் அலுவலர் வரப்பில் நின்றே கேட்டார். நிலம் யாருடையது என்று பட்டாவிலேயே இருக்கிறது, பயிர் வைப்பது யார்? இந்தக் கணக்கில் அவரைத்தான் எழுத வேண்டுமாம். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

நான் வாய் திறக்கும் முன், பக்கத்தில் நின்ற பேச்சியம்மாள் முந்திக்கொண்டார். "அண்ணாச்சிதான் பயிர் வைக்காவ. நான் கூலிக்கு நிக்கேன்."

மறைப்பானேன், முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அத்தான் சொன்ன காரியம் தானாக முடிந்துவிட்டது. ஆனால் வாழைக்கு முட்டுக் கொடுக்கிற கம்பைக் கையில் பிடித்தபடிதான் அவர் அதைச் சொன்னார், என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வந்து நின்றதால்தான் தன் பயிரைத் தன்னது இல்லை என்கிறார் என்று புரிந்தபோது வெட்கமாகப் போய்விட்டது. பயிர் அவருடையது, அவர் பேரையே எழுதுங்கள் என்று அலுவலரிடம் சொன்னேன்.

பேச்சியம்மாள் பதறிப்போய் என்னைத் தனியே கூப்பிட்டார். "பேர எழுதிட்டு, நாளைக்கு நெலத்த விடச் சொல்லிருவியளோ, அண்ணாச்சி? குலை வெட்ட இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு."

"சொல்ல மாட்டேன். அடுத்த வெள்ளாமையும் நீங்கதான் போடுதீங்க."

பிறகு கம்பைக் கீழே போட்டுவிட்டு, அலுவலரிடம் போய்த் தன் பேரைச் சொன்னார்.

என்னைப் போல டவுனில் இருந்துகொண்டு ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கெடுப்புக்குப் போவதானால் பட்டா நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வேட்டி வேண்டாம், வாழைக்கறை போகாது. முக்கியமாக, பயிர் வைக்கிறவரிடம் முந்தின நாளே பேசி, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுங்கள். வரப்பில் வைத்துப் பேசுகிற பேச்சில்லை அது.

சாயங்காலம் திரும்பும் பேருந்தில் அத்தான் மறுபடியும் கூப்பிட்டார். "ஒம் பேர எழுதிட்டாவளா?"

"இல்ல, அத்தான். நான் வாத்தியாருல்லா" என்றேன்.