விலை சொல்ல எனக்கு வாய் தந்த அம்மாள்

சென்ற ஆடி மாதம், சுகந்தி அக்கா வேலையை விட்டுப் போவதாகச் சொன்ன அன்று, கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி குசினிக்குள் அடுப்புக்கு முன்னால் நின்று அழுதேன்.

வேலணையில் நான் ஒரு சிறிய சேவை நடத்துகிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனித்திருக்கும் முதியவர்களைப் பராமரிக்கப் பெண்களை அனுப்புவதே வேலை. மற்றப் பெண்கள் யாழ்ப்பாணத்துக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர் சுகந்தி அக்கா மட்டும். அவரும் போனால், புளியங்கூடலில் படுக்கையில் கிடக்கும் கந்தையா மாமாவைப் புரட்டிவிடக்கூட ஆளில்லை.

"உம்மில கோவமில்லை, பிள்ளை. பஸ்ஸுக்குக் குடுத்தா மிச்சமொண்டுமில்லை. என்ர பிள்ளையளும் சாப்பிட வேணுமே," என்றார்.

சம்பளத்தைக் கூட்ட வழியில்லை. நாங்கள் ஆளனுப்பும் வீட்டார் எல்லோரும் சொந்தக்காரர். சொந்தத்திடம் விலை பேசுவது எங்களிடம் வழக்கமில்லை. எவ்வளவு என்று கேட்டால், "பாத்துத் தாங்கோ" என்பேன். விலை சொன்னால் காசுக்காரி என்பார்களோ? சொல்லாவிட்டால் மாமாவை யார் பார்ப்பது? நித்திரையே இல்லை.

ஆடிச் செவ்வாயன்று அம்மாள் சந்நிதியில், "தாயே, ஒரு ஆளை அனுப்பு" என்று மன்றாடினேன். ஆள் வரவில்லை. மறுநாள் கனடாவிலிருந்து மாமாவின் மகள் தொலைபேசியில் அழைத்தார்.

"தங்கச்சி, கோவியாதையும். அப்பாவுக்கு வேற ஆக்களைப் பாப்பம் எண்டு யோசிக்கிறன்."

"ஏனக்கா? என்ன பிழை விட்டனாங்கள்?"

"பிழையில்லை. நீர் விலை சொல்லுறீரில்லை. பின்னேரமும் ஒருக்கா ஆளை அனுப்பச் சொல்லிக் கேக்க வேணும். ஓசியில கேக்கிற மாதிரி வெக்கமாக் கிடக்கு."

மரியாதை என்று நான் நினைத்தது அவருக்குப் பாரமாக இருந்திருக்கிறது. அம்மாளை நினைத்தேன். சுகந்தி அக்காவின் வீட்டை நினைத்தேன். விலையைச் சொன்னேன். கூடிப்போய்விட்டதோ என்று குறைத்துச் சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. அம்மாள்தான் என் நாவைப் பிடித்திருந்தாள்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே. இனிப் பின்னேரமும் ஆளை அனுப்பும்," என்றார் அவர்.

சம்பளம் கூடியதும் சுகந்தி அக்கா போகாமல் தங்கிவிட்டார். மற்ற வீடுகளுக்கும் விலை சொன்னதில், ஒரு வீட்டார் மட்டும் மனம் கசந்து விலகினார்கள். அந்த வலி இன்னும் உண்டு. ஆனால் மாமா சிரிக்கிறார். "இப்ப நான் விலைகூடின ஆள். மெல்லமாப் புரட்டு, சுகந்தி."

நான் ஆள் கேட்டேன். தாய் வாய் தந்தாள். சொல்லத் தயங்கித் தவிக்கும் சகோதரிகளே, அதை முதலில் அவளிடம் சொல்லுங்கள். கேட்டது வராமல் போகலாம். வேண்டியது வரும்.