வரவில்லை என்று எழுதப்பட்ட நாட்கள்

1966 பிப்ரவரி 7, திங்கட்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். கிணற்றில் நாலு வாளி இறைத்துக் குளித்தேன். ஆறரைக்குக் காப்பி. ஒன்பதே முக்காலுக்கு, சிதம்பரத்தில் நான் குமாஸ்தாவாக இருந்த அரசு அலுவலகத்தில் கையெழுத்திட்டேன். பத்து இருபதுக்கு இருமல் வந்தது. கைக்குட்டையில் புளியங்கொட்டை அளவு ரத்தம். அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை முடித்தேன்.

அந்த வாரத்திலேயே கடலூரில் ஓர் அரசு மருத்துவமனையில் மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். கோழைப் பரிசோதனையும் (சளியில் கிருமி இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பது) செய்தார்கள். வலது நுரையீரலின் மேற்பகுதியில் காசம். திங்களும் வியாழனும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து), தினமும் மாத்திரை, ஒரு வருடத்துக்கு.

மருத்துவர் இளைஞர். அதிகம் பேசமாட்டார். அன்று ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார். "விட்டு விட்டுப் போட்டா கிருமிக்குப் பழகிடும். அப்புறம் இதே மருந்து ஒங்களுக்குத் தண்ணிதான்."

என் மைத்துனர் பெண்ணாடத்திலிருந்து வந்து என் மனைவியையும் பெண்ணையும் அழைத்துப் போனார். "கோச்சிக்காதீங்க மச்சான், வயசுக்கு வர்ற புள்ள இருக்கு" என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. போகும்போது மனைவி என் தட்டையும் டம்ளரையும் தனியாக ஓர் அலமாரியில் வைத்தாள். வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கப்போகிறேன் என்பது அப்போது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

இதைப் படிப்பவர்களில் யாராவது இதே ஊசிக்காக இன்று பேருந்துக்குக் காத்திருக்கலாம். அவர்களுக்காக எழுதுகிறேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஆறு ஐம்பது வண்டி. அது நேரத்துக்குப் புறப்பட்டால் புவனகிரி வழியாக ஒன்பது மணிக்குள் கடலூர். ஊசி அறை எட்டரைக்குத் திறந்து ஒன்பதரைக்கு மூடும். ரயிலில் போனால் சேரும்போது பதினொன்று. இந்த மருந்து அப்போது சிதம்பரத்துக்கு வருவதில்லை.

வண்டி தனியாருடையது. ஆனால் அது எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று நிர்ணயிப்பது சர்க்கார். ஊசியும் சர்க்காருடையது. இரண்டுக்கும் நடுவில் இருந்த முப்பது நிமிடம் மட்டும் என்னுடையது. ஆட்கள் நிறையும்வரை வண்டி எடுக்கமாட்டார்கள். ஏழு இருபது, ஏழரை ஆகும். நான் பின் இருக்கையில் ஓரமாக உட்கார்ந்து வாயைத் துண்டால் மூடிக்கொள்வேன். பக்கத்தில் உட்கார வந்தவர்கள் இருமலைக் கேட்டதும் நின்றுகொண்டே வருவார்கள். அப்படி நின்றவர்களையும் எண்ணி எழுதியிருக்கிறேன்.

மார்ச்சிலிருந்து மே வரை ஏழு நாட்கள் மூடிய கதவைத்தான் பார்த்தேன். ஏழு நாளும் அங்கேயே நின்று, வந்து சேர்ந்த நேரத்தை நாட்குறிப்பில் எழுதினேன். மருத்துவமனைப் பதிவேட்டில் அந்த ஏழு நாட்களுக்கும் "வரவில்லை" என்று இருந்தது.

ஊசி அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு உண்டு. பெண்கள் அதில் உட்கார்ந்திருப்பார்கள். முதலில் ஆண்கள் வரிசை, பிறகுதான் அவர்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து நடந்தே வரும் அஞ்சலை என்பவர் கதவு மூடிய பிறகும் பெஞ்சின் கதவோரக் கோடியில் இருப்பார். என் வயதுதான் இருக்கும். அவருக்கும் இதே நோய். எனக்கு "நோட்டு ஐயா" என்று பெயர் வைத்தவர் அவர்தான். "எழுதிக்கினு போனா வண்டி சீக்கிரம் வந்துடுமா?" என்று ஒருநாள் கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பல வாரங்களில் அந்தக் கேள்வியையும் சிரிப்பையும் தவிர என்னை நோக்கி வந்தது வேறு எதுவும் கிடையாது.

மே மாதம் வண்டியைப் பற்றி மனு கொடுத்தேன். பதினேழு நாள் கழித்துப் பதில் வந்தது. குறிப்பிட்ட நாட்களில் வண்டி ஆறு ஐம்பதுக்கே புறப்பட்டதாக நிலையப் பதிவேடு காட்டுகிறது, மேல் நடவடிக்கை தேவையில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை இருபது வருடமாக நானே பிறருக்கு எழுதியிருக்கிறேன்.

பேருந்து நிலையத்துக்குப் போய் நேரக் காப்பாளரிடம் பதிவேட்டைக் கேட்டேன். தயங்காமல் காட்டினார். அப்போது காலை எட்டு மணி. மாலை ஐந்தரை வண்டிவரை எல்லாம் புறப்பட்டுவிட்டதாக ஒரே மையில் எழுதியிருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். "நீங்களும் சர்க்கார் ஆளுதான சார்? ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார். தெரியும். எங்கள் அலுவலகத்திலும் சனிக்கிழமைக்கான கையெழுத்தை வெள்ளிக்கிழமையே போடுபவர்கள் உண்டு.

ஜூன் 2 அன்று மருத்துவமனையின் ஊசிப் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கிவிட்டார்கள். மருந்து தட்டுப்பாடாம், ஒழுங்காக வராதவர்களுக்குக் கொடுக்க முடியாதாம். அன்றே கலெக்டருக்கு இரண்டாவது மனு எழுதினேன். வண்டியைப் பற்றியல்ல. நான் வந்த நாட்களை வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள், சான்றாக என் நாட்குறிப்பை ஒப்படைக்கத் தயார் என்று எழுதினேன். பதில் வரும்வரை தினமும் இரவு மார்பில் கைவைத்துப் படுத்திருந்தேன். உள்ளே கிருமிக்கு மருந்து பழகிக்கொண்டிருக்கிறது என்று தோன்றும்.

ஜூன் 16, வியாழக்கிழமை, விசாரணை. ஊசி அறையை ஒட்டிய அறையில் விசாரணை அதிகாரியும் மருத்துவரும் இருந்தார்கள். கதவு திறந்திருந்தது. மேஜைமேல் மருத்துவமனைப் பதிவேடும் என் நாட்குறிப்பும். அதிகாரி ஒவ்வொரு தேதியாக ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"ஏப்ரல் இருபத்தொண்ணு. 'ஒன்பது பத்துக்கு ஊசி' ன்னு எழுதியிருக்கீங்க. இங்க வரலைன்னு இருக்கு. இந்த நாளை ஒங்க மனுவுல சேர்க்கவே இல்லையே?"

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மறுநாள் செய்ய வேண்டியதை முந்தைய மாலையே எழுதிவைப்பது என் வழக்கம். மாறினால் அடித்துத் திருத்துவேன். ஏப்ரல் 21 அன்று எனக்குக் கடும் காய்ச்சல். எழுந்து தண்ணீர் எடுத்துக் குடிக்க மத்தியானம் ஆயிற்று. நாட்குறிப்பைத் தொடவில்லை. தனியாக ஒரு பாயில் கிடந்த அந்த நாளில், என் கையெழுத்தின்படி, நான் கடலூரில் ஊசி போட்டுக்கொண்டேன். அன்று என்னைப் பார்த்தவர் யாரும் இல்லாததால் அது பொய் என்று சொல்லவும் ஆளில்லை.

"அன்று நான் வரவில்லை" என்றேன். "முன்கூட்டி எழுதிவிட்டேன்."

அதிகாரி நாட்குறிப்பை மூடினார். "அப்ப மத்த நாளும் முன்கூட்டி எழுதினதா இருக்கலாம் இல்லையா?" குரலில் கோபம் இல்லை. நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

பெஞ்சிலிருந்து அஞ்சலை எழுந்து கதவருகே வந்தார்.

"அன்னைக்கி இவரு வரல சாமி. அமாவாசைக்கி மறுநா அது. வண்டி லேட்டானா இந்தக் கதவாண்ட நின்னுக்கினு நோட்டுல எழுதுவாரு. அன்னைக்கி கதவாண்ட யாரும் நிக்கல."

எனக்கு எதிராகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அதிகாரியும் அப்படியே நினைத்திருக்க வேண்டும். மற்ற நாட்கள் என்னவென்று கேட்டார்.

"மத்த நாளு சொல்றேன், நீங்க நோட்டப் பாருங்க."

பௌர்ணமிக்கு எத்தனை நாள் முன்னால், அமாவாசைக்கு எத்தனை நாள் பின்னால் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடலுக்குப் போகும் வீடுகளில் நாட்களை அப்படித்தான் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். மருத்துவர் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றி விரலால் எண்ணினார். ஏழும் பொருந்தின. எனக்கு எதிராக ஒன்றைச் சொன்னதால்தான் மற்ற ஏழையும் அதிகாரி நம்பினார் என்று நினைக்கிறேன்.

மருத்துவர் பதிவேட்டை இழுத்து, "வரவில்லை" என்று இருந்த ஏழு இடங்களிலும் பக்கத்தில் "வந்தார், அறை மூடியிருந்தது" என்று எழுதிக் கையொப்பமிட்டார். பெயரைச் சேர்த்தார். பெயரை நீக்குவதற்கு முன் கொடுத்த சளியில் கிருமி தென்படவில்லை என்றும் சொன்னார். ஆனாலும் ஊசி தொடர வேண்டும். வண்டியைப் பற்றி அறிக்கை அனுப்புவதாக அதிகாரி சொன்னார். அது எங்கே போய்ப் படுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். இந்த மருந்தால் காதில் இரைச்சலும் தலைச்சுற்றலும் வரும். சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சருகே நின்று, நன்றி சொன்னேன். உள்ளே கூப்பிடும் நேரம் ஆயிற்றே என்றும் சொன்னேன்.

"என்னை எங்க கூப்புடறது? என் பேரு போன மாசமே பூடிச்சி நோட்டு ஐயா."

வராமல் இருந்தீர்களா என்று கேட்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

"ஒரு நா வுடல. ஆம்பள வரிசை முடிஞ்சி எங்காண்ட வரசொல்ல மருந்து தீந்துபூடும். அஞ்சு தபா. வரலன்னு எழுதிக்கினாங்க. எப்பனா ஒரு ஊசி மிஞ்சாதான்னு வந்து குந்திக்கினு இருக்கேன்."

ஒவ்வொரு திங்களும் வியாழனும் நான் என் ஊசியைப் போட்டுக்கொண்டு, திரும்பும் வண்டியின் நேரத்தை எழுதியபடி அந்த பெஞ்சைக் கடந்து போயிருக்கிறேன். அதில் யார் உள்ளே போனார்கள், யார் போகவில்லை என்று ஒரு வரிகூட என்னிடம் இல்லை.

அந்த ஐந்து நாட்களையும் கேட்டேன். சித்திரைப் பௌர்ணமிக்கு முன்னால் இரண்டு தடவை, அடுத்த அமாவாசைக்கு முந்தைய நாள், அதற்குப் பிறகு இரண்டு தடவை. நாட்குறிப்பை எடுக்காமல் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. இந்த மருந்து தொடங்கியதிலிருந்து படியேறும்போது கால் பட்ட பிறகே ஒவ்வொரு படியையும் நம்புகிறேன். முன்பு என் உடம்பு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. இப்போது நான் இருக்கும் இடத்தில்தான் அதுவும் இருக்கிறது. மறுநாளுக்கான பக்கத்தை அன்று மாலை நான் எழுதவில்லை. இருபத்தொரு வருடத்தில் முதல் தடவை.

ஜூன் 17, வெள்ளிக்கிழமை. எழுந்து விளக்கின் திரியை ஏற்றினேன். மாத்திரைக்கும் காப்பிக்கும் முன்னால், காலண்டரில் ஐந்து நாட்களைக் கண்டுபிடித்தேன். முழுத்தாள் ஒன்றை மடித்து ஓரம் விட்டு, மேலே அஞ்சலை, தேவனாம்பட்டினம் என்று எழுதினேன். மனுவை முடித்து ஒருமுறை படித்தேன். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். அவர் கைநாட்டு வைக்கும்போது அதை எழுதிக்கொள்ளலாம்.