சிரட்டையால் கட்டிய ட்ரோன்

ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் பழைய கட்டடத்தில் அன்று இருந்தவர்கள்: நான். என் மனைவி. கொழும்பிலிருந்து வந்து சிற்பம் செய்கிற மிஸ். எட்டிப் பார்க்க வந்த தோட்டத்துக் கங்காணி. மனைவியின் போனுக்குள் எங்கள் மகள்.

மகள் அரபு நாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள்.

மூடிக் கிடந்த கட்டடத்தை மிஸ் வாடகைக்கு எடுத்திருந்தார். பால் வெட்டு முடிந்ததும் மத்தியானத்தில் உதவிக்குப் போவேன். ரப்பர் பால் பிடித்துக் கறுத்த சிரட்டைகளில் துளை போட்டு, கம்பியில் கோத்துக் கட்டுவது என் வேலை. இரண்டு பக்கமும் நீளமாக இறக்கை வந்தது. தலை வரவில்லை. கண் எங்கே என்று கேட்டேன். வயிற்றில் என்றார் மிஸ், சிங்களத்தில். அங்கே ஒரு வட்டக் கண்ணாடியைக் கட்டினேன். இது ட்ரோன், ஆள் இல்லாமல் சண்டைக்குப் போகும் என்றார். கலியாண வீட்டில் படம் எடுக்க விடுவார்களே, அதுதான் எனக்குத் தெரிந்த ட்ரோன். அது கையளவு. இது கட்டடத்தையே அடைத்துக்கொண்டு கூரையில் தொங்கியது.

“என்ன மச்சான், காக்காவுக்கு மண்டைய எங்க வச்சீங்க?” என்றார் கங்காணி.

“ஒங்களோடத குடுங்கண்ணே, சும்மாதானே கெடக்கு” என்றாள் மனைவி.

சிரித்துக்கொண்டே போனைத் திருப்பி மகளுக்குக் காட்டினாள். நான் இறக்கைக்குக் கீழே போய் நின்றேன்.

“அப்பா, அதுக்குக் கீழ நிக்காதீங்க.”

“விழாதும்மா. கம்பிய நல்லா முறுக்கித்தான் கட்டியிருக்கேன்.”

“விழும்னு சொல்லலப்பா. இதேதான் இங்க தலைக்கு மேல வருது. புல்லு வெட்டுற மிஷின் மாதிரி சத்தம். கேட்டதும் எல்லாரும் கீழ் அறைக்கு ஓடிருவோம். மேடம் ஆள எண்ணுவாங்க.”

“ஒன்னையுமா?”

“நான்தான் கடைசி. என்னோட சேத்து எட்டு.”

அதுவரை எல்லாம் நல்லா இருக்கு என்றுதான் சொல்லி வந்தாள். “வந்துரும்மா” என்றாள் மனைவி. அக்ரிமெண்ட் முடியாமல் விட மாட்டார்கள் என்றாள் மகள். கங்காணி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இதை எதற்குச் செய்கிறீர்கள் என்று மிஸ்ஸிடம் கேட்டேன். பார்க்கிறவர்களுக்குப் பயம் வர வேண்டும் என்றார்.

“எங்களுக்கு வந்திருச்சு மிஸ். கழட்டிரலாமா?”

அவர் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். கழற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்க வேன்களில் ஆட்கள் வந்தார்கள். கீழே நின்று படம் எடுத்தார்கள். அழகாக இருக்கிறது என்றார்கள். யாருக்கும் பயம் வந்த மாதிரித் தெரியவில்லை. நான் கட்டியதில் குறையா, கட்டியதே பிழையா, எனக்கு விளங்கவில்லை. அழகு என்று அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. நான் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

அன்று சாயந்தரம் மகளின் போன் வரச் சுணங்கியது. வந்ததும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. எத்தனை என்று மட்டும் கேட்டேன்.

“எட்டு.”