எதிர்வீட்டுப் பெண் செய்த பலகை

அந்தப் பலகையை முதன்முதலில் பார்த்தபோது அருவாமனை என்றுதான் நினைத்தேன். ஒரு முனையில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். மறுமுனையில் கத்திக்குப் பதிலாக இரண்டு மரக்கட்டைகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. கட்டைகளின் உட்பக்கம் பழைய ரப்பர் செருப்பை அறுத்து ஒட்டியிருந்தாள். கீழே இடது பக்கமாக ஒரு மிதி. மிதித்தால் சைக்கிள் பிரேக் ஒயர் இழுக்கும், கட்டைகளின் வாய் மூடும், உள்ளே வைத்த ஷூவின் மேல்தோல் அசையாமல் நிற்கும். "இதுல வாழக்கா நறுக்கலாமாடி?" என்று கேட்டேன். "உன் வாய மாட்டலாம்னுதான் செஞ்சேன் ஆயா, கட்டை சின்னதா போச்சு" என்றாள் எதிர்வீட்டுப் பெண். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. ஆம்பூரில் என்னிடம் வாய்கொடுத்து ஜெயித்தவள் அவள் ஒருத்திதான்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஷூ தைப்போம். கம்பெனியில் வெட்டிய மேல்தோலை ஏஜெண்டு கட்டாகக் கட்டி மொபெட்டில் கொண்டுவந்து போடுவார். மறுநாள் சாயங்காலம் தைத்ததை எடுத்துக்கொண்டு போவார். தோலை இரண்டு முட்டிக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு ஊசிகளால் மெழுகு நூலை இழுத்து இழுத்துத் தைக்க வேண்டும். நூல் அறுக்காமலிருக்கச் சுண்டுவிரலில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக்கொள்வோம். நானும் முப்பது வருஷம் தைத்தவள். இப்போது சாமிக்குக் கைகூப்பினால்கூட என் விரல்கள், சண்டை போட்ட ஓரகத்திகளைப் போல ஆளுக்கொரு பக்கம் பார்க்கின்றன.

அவள் அம்மாவுக்கு வலது முட்டி வீங்கிப்போய் இடுக்க முடியாமல் ஆனது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மீதி ஜோடிகளை அந்தப் பெண்தான் தைத்து முடிப்பாள். புத்தகத்தைத் திறக்கும்போது கண் சொருகிவிடும். இந்தப் பிள்ளை நிச்சயமாக இன்ஜினியரிங் படிக்க வேண்டும், மார்க் மட்டும் வந்துவிட்டால் போதும் என்று அவள் டீச்சர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். அதற்காகத்தான் பலகையைச் செய்தாள். அம்மாவின் நல்ல கால் இடது கால் என்பதால் மிதியை இடது பக்கம் வைத்தாள். பலகை வந்த பிறகு, பொழுது சாயும்வரை இழுத்த வேலை மூன்று மணிக்கே முடிந்தது. அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நேராகப் புத்தகத்தை எடுத்தாள்.

ஆனால் மூன்று மணிக்கு முடிந்தது என்று வெளியில் சொல்ல முடியாது. எந்த வீட்டில் அதிகம் முடிக்கிறார்களோ, அந்த வீட்டு எண்ணிக்கைதான் அடுத்த வாரத்திலிருந்து தெருவுக்கே எண்ணிக்கை. அதை எட்ட முடியாத வீட்டுக்குக் கட்டு வராது. அதனால் அம்மாவும் மகளும் பழையபடி எட்டு ஜோடியே கொடுத்தார்கள். ஏஜெண்டு வரும் நேரத்துக்குப் பலகை கட்டிலுக்கு அடியில் போய்விடும். அம்மா ஒரு ஜோடியை மடியில் வைத்துக்கொண்டு கடைசித் தையலைத் தைக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பாள். "ஆயா, நான் பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லிடாத" என்றாள் அந்தப் பெண். "என் வாய்க்குப் பூட்டு போட்டாச்சுடி" என்றேன். "சாவிய யார்கிட்ட குடுத்து வச்சிருக்க, அத சொல்லு" என்றாள்.

ஒருநாள் அம்மா முட்டியைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். பெண் பள்ளிக்கூடத்தில். வீட்டுச் சாவி என்னிடம். சீக்கிரமே வந்துவிட்ட ஏஜெண்டு என் வீட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டே, "பொண்ண படிக்க வச்சு இன்னா, கலெக்டரா ஆவப் போறா? கையில ஊசிய குடுத்தா ரெண்டு ஜோடி ஜாஸ்தி வரும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் முகம் தொங்குவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. "அவ கலெக்டரு ஆவுறது இருக்கட்டும். உன் கட்ட மூணு மணிக்கே முடிச்சிட்டு உக்காந்துகினு இருக்குது அவ செஞ்ச மெஷினு. நீதான்யா அஞ்சு மணிக்கு ஆடி அசைஞ்சு வர்ற" என்றேன். அவர் முகம் தொங்கவில்லை. "மெஷினா? காட்டு ஆயா, நானும் பாக்குறேன்" என்றார். நானே கதவைத் திறந்தேன். நானே கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் போட்டேன். உட்கார்ந்து மிதித்தும் காட்டினேன்.

அடுத்த வாரம் கட்டு இரண்டு மடங்காக வந்தது. "உங்க வீட்ல ஒரு பலகை இருக்காமே, ஆபீஸ்ல காட்டிட்டு ரெண்டு நாள்ல தர்றேன்" என்று ஏஜெண்டு அந்தப் பெண்ணின் அம்மாவிடம் கேட்டார். மகளுக்குப் பேர் வரும் என்று நம்பி அவளும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அது திரும்பி வரவேயில்லை. பெண் இன்னொன்று செய்தாள். அக்கம்பக்கத்தில் கட்டு நின்றுபோனவர்கள் வந்து அழுதார்கள், அவர்களுக்கும் செய்து கொடுத்தாள். அந்த இரண்டு மடங்கே தெருவுக்கெல்லாம் எண்ணிக்கை ஆனது. பலகை இல்லாமல் எட்டு ஜோடி, பலகையோடு பதினாறு. இரண்டுக்கும் பொழுது சாய்ந்துவிடும். முதலில் வாரத்தில் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்றாள். பிறகு பிளஸ் டூ பரீட்சைக்கு முன்பே நின்றுவிட்டாள். "நீதான சொன்ன? நீதான தூக்கிக் குடுத்த?" என்று அம்மாவைக் கேட்டாள். கொடுத்தது நான்தான், சொன்னது நானில்லை என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் என் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்துக் கம்பெனி வேலைக்காகப் பெண்பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி என்று கூப்பிட்டார்கள். அவளுக்குத் துணையாக நானும் பஸ் ஏறினேன். ஒரு பெரிய ஹால். பெண்களை முன்னேற்றுவோம் என்று பேனர். அதன் கீழே முப்பது பலகைகள் வரிசையாக. மரம் இல்லை, இரும்பு, பச்சைப் பெயிண்டு. முப்பதுக்கும் மிதி இடது பக்கத்தில். "எல்லாரும் லெஃப்ட் கால்ல மிதிங்க. அதான் கரெக்ட் முறை" என்றார் சொல்லிக்கொடுக்க வந்தவர். அவள் கையைத் தூக்கினாள். "சார், ரைட் கால்ல மிதிச்சா இன்னும் ஈசி சார். அது லெஃப்ட்ல இருக்கறது..." அவர் முடிக்க விடவில்லை. "யம்மா, பெரிய பெரிய இன்ஜினியருங்க யோசிச்சு செஞ்சது இது. சொன்னத செய்." அவள் இடது காலை வைத்து மிதித்தாள்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்: "ஆயா, எங்கம்மா முட்டி வலிய முப்பது பேருக்குக் கத்துக்குடுக்குறாங்க." நான் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கடைசி நாளில், இந்த மெஷினை இயக்கத் தெரிந்தவள் என்று அவளுக்கு ஒரு சர்டிபிகேட் கொடுத்தார்கள்.

இப்போது அவள் கம்பெனியில் வேலை செய்கிறாள். காலையில் வேன் வருகிறது, பொழுது சாய்ந்து கொண்டுவந்து விடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் வந்து உட்காருகிறாள். நான் கேலி செய்தால் பெரியவர்களுக்காகச் சிரிக்கிற சிரிப்பு ஒன்று சிரிக்கிறாள். ஒரே வீட்டில் அம்மாவோடுதான் இருக்கிறாள். சோறு இருக்கு, தண்ணி வந்துச்சு என்பதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சு கிடையாது.

போன வாரம் அந்த அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தே, எம்பொண்ணு உங்ககிட்ட மட்டுந்தான் உக்காந்து பேசுறா. ஏஜெண்டுகிட்ட பலகைய பத்தி நான் சொல்லலன்னு நீங்க ஒருவாட்டி எடுத்து சொல்லுங்களேன். நீங்க சொன்னா நம்புவா."

"சரி, சொல்றேன்" என்றேன்.